பீரியட்ஸ் நாள்ல மட்டும் அசிட்ரோமை நிறுத்திக்கலாமா டாக்டர்?

வாசகி ஒருத்தங்க நாலு பக்கத்துக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. ஆள் யாருன்னு தெரியற மாதிரி இருந்த விஷயத்தையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

அவங்களுக்கு வயசு 34, வீடு வடசென்னையில, ஒரு பொண்ணு இருக்கா. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தோட மைட்ரல் வால்வை கெடுத்துடுச்சு, 2 வருஷம் முன்னாடி ஆபரேஷன் பண்ணி மெட்டல் வால்வு வச்சிருக்காங்க. அன்னையிலிருந்து தினமும் ராத்திரி, ரத்தம் உறையாம பார்த்துக்கற அசிட்ரோம் மாத்திரை. ஆபரேஷனுக்கு முன்னாடி 4 நாள்ல முடிஞ்ச பீரியட்ஸ் இப்ப 9 நாள் போகுது, ரெண்டாவது நாளும் மூணாவது நாளும் முழுசா நனைஞ்சு 8 பேட் மாத்தறாங்க, கட்டி கட்டியா வருது. தி.நகர்ல ஒரு துணிக்கடையில சேல்ஸ் வேலை, நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும், ஒருநாள் சேலையெல்லாம் நனைஞ்சு சக ஊழியரோட துப்பட்டாவ இடுப்புல கட்டிக்கிட்டு எலக்ட்ரிக் ட்ரெயின்ல வீட்டுக்கு வந்தேன்னு எழுதியிருக்காங்க. அதுக்கப்புறம் அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சு, பீரியட்ஸ் வந்த அன்னையிலிருந்து 4 நாள் அசிட்ரோமை நிறுத்திடறாங்க, அஞ்சாவது நாள் விட்டதுக்கு ஈடா ரெண்டு மாத்திரையா போட்டுக்கறாங்க, கூடவே மெடிக்கல் ஷாப்ல குடுத்த "ரத்தம் நிக்கற மாத்திரை". இது ஹார்ட் டாக்டருக்கு தெரியாது, "ஆம்பள டாக்டர்கிட்ட எப்படி மேடம் இதை சொல்றது"ன்னு கேக்கறாங்க. போன மாசம் பார்த்த ஹீமோகுளோபின் 7.9. மாமியார் கர்ப்பப்பைய எடுத்துடலாம்னு சொல்றாங்க, பக்கத்து கிளினிக்ல காப்பர் டி போடலாம்னு சொல்றாங்க, கடையில ஒருத்தங்க "எங்கம்மாவுக்கு டெஸ்ட்டே வேணாத புது மாத்திரை குடுத்திருக்காங்க, அதுக்கு மாறிடு"ன்னு சொல்றாங்க. எதை கேக்கறதுன்னே தெரியல, ரெண்டாவது குழந்தை ஆசையும் இன்னும் மனசுல இருக்குன்னு முடிச்சிருக்காங்க.

பாருங்கம்மா, முதல்ல ஒன்னு சொல்லிடறேன், உங்க மேல எந்த தப்பும் இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பும்போது கீரை சாப்பிடாதே, பல்லு புடுங்கினா சொல்லு, அடிபடாம பார்த்துக்கோன்னு எல்லாம் சொன்னவங்க மாசாமாசம் இப்படி ஒன்னு வரும்னு சொல்லியிருக்கணும், பீரியட்ஸ் வர வயசுல இந்த மாதிரி மாத்திரை சாப்பிடற பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல இருக்கவங்களுக்கு உதிரப்போக்கு அதிகமாகுது, அப்படியிருந்தும் அந்த ஒரு கேள்விய மட்டும் யாரும் கேக்கறதில்ல. அதுல எனக்கு வருத்தம் இருக்கு. ஆனா நீங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப ஆபத்தான வழி, இதை படிச்சு முடிக்கறதுக்குள்ள அதை விட்டுடணும்னு நீங்க முடிவு பண்ணணும்.

மாத்திரைய நிறுத்தினா என்ன ஆகுது

மெட்டல் வால்வுங்கறது உடம்புக்கு வெளிப்பொருள். அது மேல ரத்தம் உறைய எந்நேரமும் பார்த்துக்கிட்டே இருக்கும், மைட்ரல் இடத்துல ரத்த ஓட்டத்தோட வேகம் கம்மிங்கறதால அங்க வச்ச வால்வுக்கு அந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி. அதனாலதான் உங்களுக்கு ஐ.என்.ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு காட்டற நம்பர், 2.5-லிருந்து 3.5-க்குள்ள இருக்கணும்னு வச்சிருப்பாங்க, கால்ல ரத்தக்கட்டி வந்ததுக்காக மாத்திரை சாப்பிடறவங்களுக்கு 2-லிருந்து 3 போதும். அசிட்ரோம் நிறுத்தின ரெண்டு நாள்ல அந்த நம்பர் மளமளன்னு எறங்கிடும், திரும்ப ஆரம்பிச்சா மேல வந்து சேர பல நாள் ஆகும். நீங்க 4 நாள்தான் விடறேன்னு நினைக்கறீங்க, கணக்கு போட்டா மாசத்துல ஒரு வாரத்துக்கு மேல அந்த வால்வு பாதுகாப்பு இல்லாம ஓடுது. அதுல ஒரு கட்டி ஒட்டினா வால்வு திறக்காம மூடாம சிக்கிக்கும், இல்ல அந்த கட்டி உடைஞ்சு மூளைக்கு போனா பக்கவாதம்.

இன்னொன்னையும் யோசிச்சு பாருங்க. உங்களுக்கு ரத்தம் கொட்டறது ரெண்டாவது, மூணாவது நாள். முதல் நாள் நிறுத்தின மாத்திரையோட வேலை முழுசா குறையவே ரெண்டு நாள் ஆகுது. அப்ப நீங்க நிறுத்தறதால கிடைக்கற பலன் கொட்டி முடிச்சதுக்கு அப்புறம்தான் வருது, ஆபத்து மட்டும் முழுசா வருது. அஞ்சாவது நாள் ரெண்டு மாத்திரையா போடறதும் கூடவே கூடாது, அது ஐ.என்.ஆர தூக்கிவிட்டு கடைசி நாள்கள்ல விட்டு விட்டு வர கசிவ இழுத்துக்கிட்டே போக வைக்கலாம். ஒரு வேளை மறந்துட்டா அன்னைக்கே ஞாபகம் வரும்போது போடுங்க, அடுத்த நாள்தான் ஞாபகம் வந்துச்சுன்னா விட்டது விட்டதுதான், அன்னைய மாத்திரைய மட்டும் போட்டுட்டு நோட்டுல குறிச்சு வைங்க.

உங்க லெட்டர்ல ஒரு வரி எனக்கு உறுத்திச்சு. ஐ.என்.ஆர் டெஸ்ட்டுக்கு எப்பவும் பீரியட்ஸுக்கு முந்தின வாரம் போறதா எழுதியிருக்கீங்க, 2.8, 2.9-ன்னு நல்லா வருதுன்னும் சொல்றீங்க. வராம என்ன, அந்த வாரத்துக்குள்ள எல்லாம் சரியாகியிருக்கும். உங்க ஹார்ட் டாக்டர் அந்த நோட்ட பார்த்துட்டு இந்த பொண்ணு ஒழுங்கா மாத்திரை சாப்பிடுதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க சொல்லாம அவருக்கு தெரிய வழியே இல்ல.

எப்படி சொல்றதுன்னுதானே தயங்கறீங்க. "டாக்டர், எனக்கு பீரியட்ஸ் 9 நாள் போகுது, ஒரு நாளைக்கு 8 பேட் ஆகுது, ஹீமோகுளோபின் 7.9, பயந்துபோய் மாத்திரைய நடுவுல விட்டிருக்கேன்." இவ்வளவுதான். வாயில வரலன்னா ஒரு பேப்பர்ல எழுதி ஓ.பி. சீட்டு கூட வச்சு நீட்டிடுங்க. ஹார்ட் டாக்டருக்கு இது ரத்தப்போக்கு, மூக்குல வந்தாலும் கர்ப்பப்பையில வந்தாலும் அவரு தெரிஞ்சுக்க வேண்டிய ஒன்னு.

ராத்திரி அமைதியா படுத்திருக்கும்போது உங்க வால்வோட டிக் டிக் சத்தம் உங்களுக்கே கேக்கும்ல, அந்த சத்தம் மழுங்கின மாதிரியோ கேக்காத மாதிரியோ ஆச்சுன்னா, இல்ல திடீர்னு மூச்சு வாங்கினா, வாய் கோணினா, ஒரு கை தூக்க முடியாம போனா, பேச்சு குழறினா அடுத்த நிமிஷம் 108-க்கு போன் பண்ணுங்க. நாளைக்கு பார்த்துக்கலாம்னு படுக்கக்கூடாது.

அந்த மெடிக்கல் ஷாப் மாத்திரை

நீங்க அனுப்பின போட்டோவுல அட்டைக்கு பின்னாடி இருந்த எழுத்த பெருசு பண்ணி பார்த்தேன், ரெண்டு மருந்து கலந்த மாத்திரை அது. ஒன்னு ட்ரானெக்ஸாமிக் ஆசிட், இன்னொன்னு மெஃபெனாமிக் ஆசிட். பீரியட்ஸ் அதிகம்னு போய் நின்னா நம்ம ஊர்ல கவுன்டர்ல சாதாரணமா எடுத்து நீட்டறது இதைத்தான், வால்வு இல்லாத, வேற மருந்து சாப்பிடாத ஒரு பொண்ணுக்கு அது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். உங்களுக்கு ரெண்டுமே பிரச்சினை.

மெஃபெனாமிக் ஆசிட் வலி மாத்திரை வகை. வயித்துல புண்ணாக்கும், ரத்தத்துல இருக்க தட்டணுக்களோட வேலைய தடுக்கும், அசிட்ரோம் கூட சேர்ந்தா குடல்ல ரத்தக்கசிவு வர வாய்ப்பு அதிகம். பீரியட்ஸ் வலிக்கு எல்லாரும் கைப்பையில வச்சிருக்க மெஃப்டால் ஸ்பாஸ்ல இருக்கறதும் இதேதான். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் அதே குடும்பம். வலிக்கு உங்களுக்கு பாராசிட்டமால், வயித்துல வெந்நீர் பை, அதுதான் வழி, அந்த பாராசிட்டமாலயும் நாள் கணக்கா நாலஞ்சுன்னு போட்டா ஐ.என்.ஆர் ஏறும், அதனால தேவைக்கு மட்டும். கிளினிக்ல போய் வலிக்குதுன்னா "ஒரு ஊசி போட்டுடலாம்மா"ன்னு இடுப்புல டைக்ளோ ஊசி போடுவாங்க, அதுக்கு ஒத்துக்காதீங்க, இடுப்பு சதையில போடற ஊசி உங்களுக்கு உள்ளேயே ரத்தம் கட்டிக்க வைக்கும். ருமாட்டிக்குக்காக மூணு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா அது வேற கதை, அது உங்க ஹார்ட் டாக்டர் கணக்கு போட்டு குடுக்கறது, அதை நிறுத்த வேணாம், போட்ட இடத்த நல்லா அழுத்தி பிடிச்சுக்கோங்க.

இப்ப ட்ரானெக்ஸாமிக் ஆசிட். இது உறைஞ்ச ரத்தம் கரையாம பிடிச்சு வைக்கற மருந்து. பீரியட்ஸ் ரத்தத்த நல்லாவே குறைக்கும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் சில சமயம் டாக்டருங்க கொட்டற ரெண்டு மூணு நாளுக்கு மட்டும் குடுக்கறது உண்டு, ஆனா அது அசிட்ரோம் ஒழுங்கா போய்க்கிட்டு, ஐ.என்.ஆர் சரியா இருந்து, ஹார்ட் டாக்டரும் சரின்னு சொன்னாத்தான். நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னா உறையாம பார்த்துக்கற மாத்திரைய நிறுத்தின அதே 4 நாள்ல, உறைஞ்சத கரையவிடாத மாத்திரைய போட்டிருக்கீங்க. இந்த வரிய படிக்கும்போது எனக்கு பக்குனு ஆச்சு. இதுவரைக்கும் ஒன்னும் ஆகல, அது போதும், இனிமே வேணாம்.

இவ்வளவு போறதுக்கு காரணம் அசிட்ரோம் மட்டுந்தானா?

கர்ப்பப்பையோட உள்சவ்வு உதிரும்போது அங்க இருக்க சின்ன ரத்தக்குழாய்ங்க வாய் திறந்துக்கும், அதை அடைக்கறது சின்ன சின்ன உறைவுங்கதான், அந்த அடைப்பு உண்டாக உங்க மாத்திரை லேட் பண்ணுது, அதனால ஐ.என்.ஆர் சரியா இருந்தாலும் உதிரம் அதிகமா போகும். ஆனா அதோட விட்டுடக்கூடாது. நார்க்கட்டியோ, உள்ள பாலிப்னு சொல்ற சின்ன சதை வளர்ச்சியோ, கர்ப்பப்பை சுவர் தடிச்சுப்போற அடினோமயோசிஸோ, தைராய்டோ ஏற்கனவே லேசா இருந்து, இந்த மாத்திரையால வெளிச்சத்துக்கு வந்திருக்கலாம். அதனால ஒரு ஸ்கேன், தைராய்டு, கர்ப்பம் இருக்கான்னு ஒரு டெஸ்ட், ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இரும்புச்சத்து எவ்வளவு இருப்பு இருக்குன்னு காட்டற ஃபெரிட்டின், கொட்டற நாள்லயே ஒரு ஐ.என்.ஆர், இது கண்டிப்பா வேணும். சமீபத்துல ஏதாவது ஆன்டிபயாட்டிக், வெள்ளைப்படறதுக்கு மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் மாதிரி எடுத்தீங்களான்னும் யோசிச்சு பாருங்க, அதெல்லாம் அசிட்ரோமோட வேலைய தூக்கிவிட்டுடும்.

அப்புறம் அளவு. டாக்டர்ங்ககிட்ட "ரொம்ப போகுது"ன்னு சொன்னா எவ்வளவுன்னு அவங்களுக்கு பிடிபடாது. ஒரு சின்ன முறை இருக்கு, லேசா நனைஞ்ச பேடுக்கு 1, பாதி நனைஞ்சதுக்கு 5, முழுசா நனைஞ்சதுக்கு 20-ன்னு ஒவ்வொன்னுக்கும் மார்க் போட்டு ஒரு பீரியட்ஸ் முழுக்க கூட்டணும், 100-ஐ தாண்டினா உதிரப்போக்கு அதிகம்னு அர்த்தம். உங்களுக்கு ரெண்டாவது நாள் மட்டுமே 160 வருது. "எல்லா பொம்பளைங்களுக்கும் இப்படித்தான்", "கெட்ட ரத்தம் போனா நல்லதுதான்"னு சொல்றவங்கள காதுல போட்டுக்காதீங்க, போறது நல்ல ரத்தம், அதோட உங்க இரும்புச்சத்தும் சேர்ந்து போகுது.

சரி, என்ன பண்ணலாம்

உங்க நிலமையில நான் முதல்ல யோசிக்கறது கர்ப்பப்பைக்குள்ள வைக்கற ஹார்மோன் லூப், மிரேனான்னு சொல்வாங்க, நம்ம நாட்டு தயாரிப்பும் இருக்கு. இது காப்பர் டி இல்ல, பார்க்க அதே மாதிரி இருக்கறதால எல்லாரும் குழப்பிக்கறாங்க. காப்பர் டி உதிரப்போக்க இன்னும் அதிகமாக்கும், உங்களுக்கு அது வேணவே வேணாம். ஹார்மோன் லூப்ல லிவோநார்ஜெஸ்ட்ரல்னு ஒரு ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமா கர்ப்பப்பைக்குள்ளயே கசிஞ்சு உள்சவ்வ மெலிசாக்கிடும், சவ்வே மெலிசா இருந்தா உதிர என்ன இருக்கு. ரத்தம் உறையறத தூண்டற ஈஸ்ட்ரோஜன் இதுல கிடையாது, ரத்தத்துல கலக்கற அளவும் ரொம்ப கம்மி. உதிரப்போக்க 70-லிருந்து 90 சதவீதத்துக்கு மேலகூட குறைக்கும். கூடவே நம்பகமான கருத்தடை, அது உங்களுக்கு ஏன் முக்கியம்னு கீழ சொல்றேன்.

குறையும் சொல்லிடறேன். போட்ட முதல் மூணுலிருந்து ஆறு மாசம் வரைக்கும் சொட்டு சொட்டா, ஒழுங்கில்லாம வந்துக்கிட்டு இருக்கும். நிறைய பேரு இந்த இடத்துலதான் வெறுத்துப்போய் எடுத்துடுங்கன்னு வந்து நிக்கறாங்க, பல்ல கடிச்சுக்கிட்டு தாண்டிட்டா அப்புறம் நிம்மதி. சில பேருக்கு பீரியட்ஸே நின்னுடும், அது உள்ள தங்கற ரத்தம் இல்ல, உதிர ஒன்னும் இல்லாததால வரல, அவ்வளவுதான், பயப்பட வேணாம். கொட்டற நாள்ல போட்டா நழுவி வந்துடலாம், அதனால உதிரம் அடங்கின நாள்ல போடணும். வால்வுல கிருமி வந்துடுமோன்னு கேட்டிருக்கீங்க, நல்ல கேள்வி. கர்ப்பப்பை வாயில தொற்று இல்லன்னு பார்த்துட்டு சுத்தமா போட்டா, லூப் போடறதுக்குன்னே வால்வு உள்ளவங்களுக்கு ஆன்டிபயாட்டிக் வழக்கமா தேவையில்ல. அசிட்ரோமை நிறுத்தவும் பொதுவா தேவையில்ல, ஐ.என்.ஆர் வரம்புக்குள்ள இருந்தா போதும். போடும்போது சில பேருக்கு நாடித்துடிப்பு குறைஞ்சு மயக்கம் வரும், இதயத்துல ஆபரேஷன் ஆனவங்கங்கறதால தெருமுனை கிளினிக்ல போடாம பெரிய ஆஸ்பத்திரியில போடுங்க. தனியார்ல சில ஆயிரம் ரூபாய் ஆகும், அரசு ஆஸ்பத்திரியில கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்க, சும்மா கேக்காம வந்துடாதீங்க.

லூப் போடற வரைக்கும் ஒன்னு ரெண்டு மாசம் சமாளிக்க ப்ரொஜெஸ்டரோன் வகை மாத்திரை குடுக்கலாம். கோயிலுக்கு போகணும், கல்யாணம் இருக்குன்னு பீரியட்ஸ தள்ளிப்போட வாங்கிப் போடறாங்களே நோரெத்திஸ்டிரோன், அது இந்த வகைதான், ஆனா அதிக டோஸ்ல எடுத்தா அதுல ஒரு பகுதி உடம்புக்குள்ள ஈஸ்ட்ரோஜனா மாறும், அதனால அதையா, மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டரோனையா, எத்தனை நாளுங்கறதெல்லாம் டாக்டர் முடிவு. நீங்களா கவுன்டர்ல வாங்காதீங்க, ஆரம்பிச்சா ஐ.என்.ஆர் ஒரு தடவை கூடுதலா பாருங்க. மாலா டி மாதிரி ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை மெட்டல் வால்வு உள்ளவங்களுக்கு கூடாது.

லூப்ல ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, அது போட்டாலும் முட்டை வெளிய வரது பல பேருக்கு தொடரும். ரத்தம் உறையாத மாத்திரையில இருக்கவங்களுக்கு முட்டை வெடிக்கற இடத்துல ரத்தம் கசிஞ்சு வயித்துக்குள்ள சேரலாம். ரெண்டு பீரியட்ஸுக்கு நடுவுல அடிவயித்துல திடீர்னு தாங்க முடியாத வலி, கூட மயக்கம்னா கேஸ்னு ஓமவாட்டர் குடிச்சுக்கிட்டு உட்காராம கேஷுவாலிட்டிக்கு போங்க.

கர்ப்பப்பைய எடுக்கறது பத்தி. உங்க மாமியார் அக்கறையிலதான் சொல்றாங்க, அவங்க காலத்துல அதுதான் வழியா இருந்துச்சு. ஆனா உங்களுக்கு அது சின்ன ஆபரேஷன் இல்லம்மா, அசிட்ரோமை நிறுத்தி, அதே வேலைய கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செய்யற ஹெப்பாரின் ஊசிக்கு மாத்தி, ஆபரேஷன் பண்ணி, திரும்ப ஆரம்பிக்கணும், அந்த நாள்கள்ல வால்வுல கட்டி பிடிக்கற பயம் ஒரு பக்கம், வயித்துக்குள்ள ரத்தம் நிக்காத பயம் ஒரு பக்கம். 34 வயசுல, குழந்தை ஆசை இருக்கும்போது, லூப்பையே போட்டுப் பார்க்காம இதுக்கு கையெழுத்து போடாதீங்க. மத்த எதுவும் வேலைக்காகாம போனா, பெரிய நார்க்கட்டின்னு இருந்தா, அப்ப பேசலாம்.

டெஸ்ட்டே வேணாத புது மாத்திரை

உங்க கடையில சொன்னவங்க பொய் சொல்லல. ரிவராக்ஸபான், அபிக்ஸபான், டாபிகாட்ரான்னு இருக்கு, ஐ.என்.ஆர் பார்க்க வேணாம். கால்ல, நுரையீரல்ல ரத்தக்கட்டி வந்தவங்களுக்கு நிறைய குடுக்கறோம். இதை படிக்கற வேற யாராவது ரிவராக்ஸபான் சாப்பிட்டு பீரியட்ஸ் அதிகமா போகுதுன்னா, அதுல உதிரப்போக்கு மத்ததவிட கூடுதல்தான், அபிக்ஸபானுக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஆனா மெட்டல் வால்வுக்கு இது எதுவுமே கிடையாது. டாபிகாட்ரானை மெட்டல் வால்வு வச்சவங்களுக்கு குடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல வெளிவந்துச்சு, பக்கவாதமும் ரத்தக்கசிவும் ரெண்டுமே கூடினதால பாதியிலயே நிறுத்திட்டாங்க. அபிக்ஸபானை வச்சு பண்ணினதும் 2022-ல ரத்தக்கட்டி கூடினதால பாதியிலயே நின்னுச்சு. உங்களுக்கு ஒன்னு அசிட்ரோம், இல்லன்னா அதே வகைய சேர்ந்த வார்ஃபரின், இந்த ரெண்டுதான்.

7.9-ஐ அப்படியே விடக்கூடாது

கர்ப்பமா இல்லாத பொண்ணுக்கு 12-க்கு கீழ போனாலே ரத்தசோகை, 8-க்கு கீழன்னா கடுமையானது. படி ஏறினா படபடப்பா இருக்கு, தலைமுடி கொட்டுது, ஐஸ் கட்டிய கடிச்சு சாப்பிடணும் போல இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஐஸ் ஆசை இரும்புச்சத்து ரொம்ப குறைஞ்சதோட அடையாளம். ஆபரேஷன் ஆன இதயம் இவ்வளவு கம்மி ரத்தத்த வச்சுக்கிட்டு கூடுதல் வேலை பார்க்குது. உங்க அளவுக்கு நரம்பு வழியா ஏத்தற இரும்பு டிரிப் சீக்கிரம் பலன் குடுக்கும், கேட்டு வாங்குங்க, இடுப்புல போடற இரும்பு ஊசி மட்டும் வேணாம். மாத்திரைன்னா வெறும் வயித்துல எலுமிச்சை ஜூஸ் கூட, முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரத்துக்கு டீ காப்பி இல்லாம. மலம் கறுப்பா போறது இரும்பாலயும் இருக்கலாம், ஆனா தார் மாதிரி ஒட்டிக்கிட்டு நாத்தமா போனா குடல்ல ரத்தம் கசியுதான்னு பார்க்கணும். இன்னொரு சங்கதி, வால்வு ஓரத்துல லேசா கசிவு இருந்தா அங்க ரத்த அணுக்கள் அடிபட்டு உடைஞ்சும் ரத்தசோகை வரும், அதனால ஹார்ட் டாக்டர்கிட்ட 7.9-ஐ காட்டி எக்கோ பண்ணணுமான்னு கேளுங்க, எல்லா பழியையும் பீரியட்ஸ் மேல போட்டுடக்கூடாது.

கீரைய ரெண்டு வருஷமா தொடவே இல்லன்னு எழுதியிருக்கீங்க, பாவம். கீரைய விடச் சொன்னது வைட்டமின் கே அசிட்ரோமுக்கு எதிரா வேலை செய்யும்ங்கறதால. ஆனா வேண்டியது பட்டினி இல்ல, ஒரே சீரான அளவு. வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு கரண்டி கீரைன்னா எல்லா வாரமும் அப்படியே, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிட்டு, அடுத்த ஐ.என்.ஆர பார்த்து டோஸ சரி பண்ணிக்கலாம். ஒரு வாரம் முருங்கைக்கீரை தினமும், அடுத்த வாரம் ஒன்னுமே இல்லன்னு இருந்தாத்தான் நம்பர் ஆடும். யூடியூப் பார்த்து கஷாயம், லேகியம்னு எதையும் சேர்க்காதீங்க.

ரெண்டாவது குழந்தை

இதுல உங்களுக்கு பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன், கதவையும் சாத்த மாட்டேன். மெட்டல் வால்வோட கர்ப்பம் ரொம்ப ரிஸ்க்கான கர்ப்பம், அம்மாவுக்கும்தான் குழந்தைக்கும்தான். அசிட்ரோம் வகை மருந்து கர்ப்பத்தோட 6-லிருந்து 12-வது வாரத்துல குழந்தைய பாதிக்கலாம், அதனால அந்த நேரத்துல ஹெப்பாரினுக்கு மாத்தறதா, டோஸ் எவ்வளவுங்கறதெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய விஷயம். திட்டமில்லாம கரு நின்னு, மூணு மாசம் கழிச்சு தெரியற மாதிரி ஆகவே கூடாது. நாள் கணக்கு பார்த்துக்கறோம்னு எழுதியிருக்கீங்க, உங்க உடம்புக்கு அது போதாது. லூப்ப போட்டா வேணும்ங்கற அன்னைக்கு எடுத்துக்கலாம், கருத்தரிக்கற சக்தி திரும்பி வந்துடும். முதல்ல ரத்தம் ஏறட்டும், எக்கோ பார்க்கட்டும், அப்புறம் நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து ஹார்ட் டாக்டர், மகப்பேறு டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும் உட்கார்ந்து பேசுங்க. நடுவுல ஒரு வாரம் பீரியட்ஸ் தள்ளிப்போனாலும் அன்னைக்கே டெஸ்ட் பண்ணுங்க, ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க.

எங்க போறது, என்ன எடுத்துட்டு போறது

நம்ம சென்னையில ஒரு சிக்கல், ஹார்ட் ஒரு இடத்துலயும் கர்ப்பப்பை இன்னொரு இடத்துலயும் இருக்கும். ஜி.எச். சென்ட்ரலுக்கு எதிர்ல, அதோட மகப்பேறு பிரிவு எழும்பூர்ல. ஸ்டான்லின்னா மகப்பேறுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ரெண்டு சீட்டும் ஒன்னையொன்னு பார்க்காது, நடுவுல நடக்கறது நீங்கதான். அதனால ஐ.என்.ஆர் நோட்டு, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடற எல்லா மாத்திரையோட அட்டை, பேட் கணக்கு எழுதின பேப்பர் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு ரெண்டு இடத்துக்கும் தூக்கிட்டு போங்க. மகப்பேறு டாக்டர் என்ன குடுக்கப் போறாங்களோ அதை சீட்டுல எழுதி வாங்கி, ஹார்ட் டாக்டர்கிட்ட "இதை ஆரம்பிக்கலாமா"ன்னு அதே சீட்டுல எழுதி வாங்குங்க. அடுத்த பீரியட்ஸ் வரதுக்குள்ள இந்த வாரமே போங்க.

அதுக்கு நடுவுல ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசா நனைஞ்சு ரெண்டு மணி நேரம் தொடர்ந்தா, இல்ல தலை சுத்தி கண்ணு இருட்டினா, நெஞ்சு வலிச்சா நேரா கேஷுவாலிட்டி. போனதும் முதல் வார்த்தையா "எனக்கு மெட்டல் வால்வு, அசிட்ரோம் சாப்பிடறேன்"னு சொல்லுங்க, ரத்தம் நிக்கணும்னு வைட்டமின் கே ஊசிய அதிகமா போட்டா வால்வுக்கு ஆபத்து, அது தெரிஞ்ச டாக்டர் அளவு பார்த்து முடிவு பண்ணுவாரு. கூட வரவங்களுக்கும் இந்த ஒரு வரிய சொல்லி வைங்க, போன் கவருக்குள்ள எழுதியும் வைங்க.

வேலைய பத்தி கேட்டீங்க, விட்டுடணுமான்னு. ரத்தம் ஏறி உதிரம் குறைஞ்சா விட வேண்டிய அவசியமே வராது. அதுவரைக்கும் கொட்டற ரெண்டு நாளுக்கு லீவு சீட்டு எழுதி வாங்கிக்கோங்க, டாக்டர்ங்க எழுதிக் குடுப்பாங்க. கடையில நாள் பூரா நிக்கணும்ங்கறது சட்டமும் இல்ல, 2021-ல தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை குடுக்கணும்னு சட்டத்துலயே திருத்தம் கொண்டுவந்தாங்க, சூப்பர்வைசர்கிட்ட ஸ்டூல் கேக்கறது உங்க உரிமை. மாதவிடாய் கப் உங்களுக்கு தாராளமா ஒத்துக்கும், ரெண்டு பேட் தாங்கறத அது ஒன்னே தாங்கும், டிரெயின்ல நனையற பயம் குறையும், உள்ள கோடு போட்டிருக்கறதால எவ்வளவு போகுதுன்னு அளந்தும் சொல்லலாம். லூப் போட்டதுக்கப்புறம் கப்ப இழுத்து எடுக்காம, அடிப்பக்கம் லேசா அழுத்தி காத்து உள்ள விட்டுட்டு எடுங்க, இல்லன்னா லூப்போட நூலும் சேர்ந்து இழுபட்டு லூப்பே வெளிய வந்துடலாம்.